முளைத்த வால்

ஊத்தாங்குளத்து மக்களின் மறதியை அரணைகள் சுமக்கத் தொடங்கியது ஆவணி மாதம் இரண்டாவது வாரத்தில் என்று நான் எழுதியிருக்கிறேன். நான் எழுதியதாலேயே அது ஆடியாகவோ புரட்டாசியாகவோ இருக்கவும் வாய்ப்புண்டு. முப்பது வருடம் ஒரு நாளிதழுக்கு இந்த ஊரிலிருந்து செய்தி அனுப்பியவன் என்ற முறையில், என் தேதிகளை நம்ப வேண்டாம் என்று சொல்ல என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது.

முதல் அரணையைப் பிடித்தவள் பீடி சுற்றும் ஆவுடைத்தங்கம். பிடிக்க வேண்டும் என்று அவள் பிடிக்கவில்லை. முற்பகல் வெயிலில் வாசலில் கால்நீட்டி, மடியில் முறம்போன்ற சுளவும் சுளவில் இலையும் புகையிலைத் தூளுமாக அவள் உட்கார்ந்திருந்தபோது, சுவரோரச் சருகிலிருந்து எண்ணெய் தேய்த்துக் குளிக்கப் போகிறவனைப்போல மினுங்கிக்கொண்டு ஓடிவந்த அரணை ஒன்று தூளுக்குள் விழுந்தது. அள்ளி எறியலாம் என்று அவள் அதை உள்ளங்கையில் எடுத்தாள். எடுத்த கணத்தில், அடுத்த தெரு இரும்புக்கடை மசூது பாய் தன் பெரிய பெட்டியின் சாவியைப் பதினோரு வருடத்துக்கு முன்னால் நூலகத்துக்கு எதிரே இருக்கும் வேப்பமரத்துப் பொந்தில் வைத்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. அது அவளுடைய ஞாபகம் அல்ல, பாயின் ஞாபகம். ஆனால் மரப்பட்டையின் சொரசொரப்பும் பொந்துக்குள் எறும்பு கடித்ததும்கூட அவள் விரலிலேயே இருந்தன. அவள் அரணையை விட்டாள், முந்தானையில் கையைத் துடைத்தாள், எழுந்து போய் இரும்புக்கடை வாசலில் நின்றாள்.

"பாய், ஒங்க சாவி மரத்துல இருக்கு."

"எந்தச் சாவிம்மா?"

"நீங்க மேல ஏறி உக்காந்திருக்கீயளே, அந்தப் பெட்டிச் சாவிதான்."

பதினோரு வருடமாக நாற்காலியாகப் பயன்பட்ட பெட்டியைத் திறந்தபோது, உள்ளே அவருடைய மூக்குக்கண்ணாடி இருந்தது. அதை மச்சினன்தான் எடுத்துவிட்டான் என்று சொல்லி அந்தக் குடும்பத்தோடு அவர் பேச்சை நிறுத்தியதும் அதே பதினோரு வருடம்தான். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார், ஒரு கிலோ ஆரஞ்சு வாங்கிக்கொண்டு மச்சினன் வீட்டுக்குப் போனார், அங்கே மத்தியானம் சாப்பிட்டார்.

ஊர் இதற்கு வியந்திருக்க வேண்டும், வியக்கவில்லை. கடிக்க வந்த அரணை, திரும்பும்போது எதற்கு வந்தோம் என்பதையே மறந்துவிடும் என்று எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். அவ்வளவு காலமாக மறந்து மறந்து அதன் உடம்புக்குள் எவ்வளவு காலி இடம் இருக்கும், அங்கே நம்முடையது போய்த் தங்கினால் என்ன என்று டீக்கடை மாசானம் ஒரு கிளாஸ் கழுவும் நேரத்தில் காரணத்தைச் சொல்லி முடித்தார். அதற்குமேல் காரணத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. எப்படிப் பிடிப்பது என்பதைப் பற்றித்தான் பேச்செல்லாம்.

ஓணான் பிடித்துப் பேரெடுத்தவர்கள் முதலில் தோற்றார்கள், அவர்களில் நானும் ஒருவன். ஓணானுக்குக் கழுத்து உண்டு, நின்று தலையாட்டும் கர்வம் உண்டு. தென்னை ஈர்க்கின் நுனியில் சுருக்கு வைத்து நீட்டினால், இது என்ன என்று அது எட்டிப் பார்ப்பதற்குள் மாட்டிக்கொள்ளும். அரணைக்குத் தலை எங்கே முடிந்து உடம்பு எங்கே தொடங்குகிறது என்று அரணைக்கே தெரியாது. சுருக்கு வழுக்கிக்கொண்டு விழுந்துவிடும். ஆகவே ஈரச் சாக்கு வந்தது. சாயங்காலம் சுவரோரம் சாக்கை நனைத்து விரிக்க வேண்டும். பூச்சிக்கும் குளிர்ச்சிக்கும் ஆசைப்பட்டு அரணைகள் அடியில் வந்து சேரும். காலையில் வெயில் ஏறியதும் ஒரு முனையை மெதுவாகத் தூக்கி, கையைக் கூடாரம்போலக் கவிழ்க்க வேண்டும். அழுத்தக் கூடாது, முக்கியமாக வாலைத் தொடக் கூடாது. வாலைத் தொட்டால் அது வாலை உங்கள் கையில் கொடுத்துவிட்டு ஓடிவிடும், உங்களுக்கு ஞாபகத்தின் கடைசித் துண்டு மட்டும் கிடைக்கும். அப்படித்தான் எங்கள் தபால்காரர் நான்கு நாள், "அதுக்கப்புறம் அவ அந்தப் பக்கமே வரல" என்ற ஒரே ஒரு வரியை வைத்துக்கொண்டு, எவள், எந்தப் பக்கம் என்று தெரியாமல் தெருத்தெருவாக அழுதுகொண்டு தபால் கொடுத்தார்.

ஊர்க்கூட்டம் போட்டுச் சில முறைகளும் வகுத்தார்கள். பிடித்த ஞாபகத்தைப் பொழுது சாய்வதற்குள் உரியவரிடம் சேர்த்துவிட வேண்டும், டீக்கடையில் முதலில் சொல்லக் கூடாது. புருசன் பெண்டாட்டி ஒரே சாக்கில் பிடிக்கக் கூடாது. பெண் பார்க்க வருகிறவர்கள் பெண் வீட்டுக் கொல்லைப்பக்கம் போகக் கூடாது. எல்லாரும் கையைத் தூக்கினார்கள். கவுன்சிலர் தாணுலிங்கம் மட்டும் கூட்டம் முடிந்ததும் தன் வீட்டைச் சுற்றி ஒரு பொந்து விடாமல் சிமெண்டு பூசினார்.

நான் இதையெல்லாம் செய்தியாக அனுப்பினேன். "அரணையைப் பிடித்தால் ஞாபகம் வருவதாக ஊத்தாங்குளம் மக்கள் நம்பிக்கை" என்று ஏழாம் பக்கத்தில், குடலிறக்க வைத்தியர் விளம்பரத்துக்குக் கீழே போட்டார்கள். 'நம்பிக்கை' என்ற சொல்லைச் சேர்த்தது தலைமை அலுவலகம். அந்தச் சொல்லைச் சேர்த்துவிட்டால் எதை வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், எதையும் விசாரிக்க வேண்டியதில்லை என்பது முப்பது வருடத்தில் நான் கற்றுக்கொண்ட இரண்டு விஷயங்களில் ஒன்று. மற்றது மறந்துவிட்டது. நானும் ஏழு அரணை பிடித்தேன். ஐந்தில் யாரோ அடுப்பில் வைத்த பால். ஒன்றில் யாரோ ஒன்பதாம் வகுப்பில் மனப்பாடம் செய்து மறந்த வேதியியல் சமன்பாடு, உரியவரைத் தேடிக்கொண்டிருக்கிறேன். ஏழாவது என் மனைவியின் ஞாபகம், நான் அவளுக்குச் சொல்லி நிறைவேற்றாத ஒன்று. அதைப் பொழுது சாய்வதற்குள் அவளிடம் சேர்த்தேனா என்பது இந்தக் கதைக்குத் தேவையில்லாதது.

சாக்குத் தேவைப்பட்டதால் எல்லாரும் போய் நின்ற இடம் உண்டியல் குத்தாலிங்கத்தின் தகரக் கொட்டகை. அவர் அறுபது வயது ஒண்டிக்கட்டை. அரிசி ஆலைகளில் கிழிந்து வரும் சாக்குகளை ஒரு பழைய மிதி மெஷினில் தைத்துக் கொடுப்பார், கேட்டதற்குப் பதில் சொல்வார், கேட்காததற்கு ஊசியில் நூல் கோப்பார். உண்டியல் என்பது பட்டப்பெயர். ஏன் அந்தப் பெயர் என்று ஊரில் யாருக்கும் தெரியாது, ஆனால் ரேஷன் கார்டு தவிர எல்லா இடத்திலும் அவருக்கு அதுதான் பெயர். சில வருடத்துக்கு முன் ஞாயிறு இணைப்பில் எங்கள் ஊர்ப் பட்டப்பெயர்களைப் பற்றி நான் ஒரு கட்டுரை எழுதியபோது, "சிறுவயது முதலே இவரிடம் இருந்த சேமிப்புப் பழக்கத்தால் இப்பெயர் அமைந்தது" என்று எழுதினேன். அவரிடம் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை. ஊருக்கெல்லாம் சாக்குக் கொடுத்த அவர் தனக்கென்று ஒரு சாக்கு விரிக்கவில்லை என்பதையும் அப்போது நான் கவனிக்கவில்லை. கவனிப்பது என் தொழில் என்று அடையாள அட்டையில் போட்டிருந்தது.

இதற்குள் புரட்டாசி வந்தது, வால் போன அரணைகளுக்கு வால் முளைக்கத் தொடங்கியது. முளைத்த வால் பழைய வாலைப்போல இருப்பதில்லை. நிறம் மங்கி, செதில் கலைந்து, கொஞ்சம் கட்டையாக இருக்கும். ஞாபகமும் அப்படியே இருந்தது. தலையிலிருந்து இடுப்புவரை நடந்தது, அதற்குப் பிறகு நடந்திருக்க வேண்டியது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியை எஸ்தர் ராஜபாய் அப்படி ஒன்றைப் பிடித்தார். அதில் தாய் படுத்த படுக்கையாக இருந்தபோது அவர் கேட்டு வராத இடமாற்ற உத்தரவு, மறு தபாலிலேயே வந்தது. அந்த அரணையைக் கண்ணாடி பாட்டிலில் போட்டு மூடியில் துளையிட்டு மூன்று நாள் வைத்திருந்தார் டீச்சர். வாலைப் பார்த்துவிட்டு, "டீச்சர், இது முளைச்ச வாலுல்லா" என்று சொன்ன ஒருவரை அதற்குப்பின் அந்தத் தெருவில் யாரும் வீட்டுக்குள் கூப்பிடவில்லை. கையில் பிடித்திருக்கும்போது எது பழையது எது முளைத்தது என்று வித்தியாசம் தெரியாது, இரண்டும் ஒரே குளிர்ச்சி, ஒரே நிச்சயம். ஆகவே அரணை சொன்னால் சொன்னதுதான் என்று ஊர் வைத்துக்கொண்டது. பத்திரிகையில் வந்தால் வந்ததுதான் என்று அதற்குமுன் வைத்துக்கொண்டிருந்த ஊர்தானே.

என் பணி முப்பது வருடம் நிறைவதை ஒட்டி நூலக வாசகர் வட்டம் எனக்குப் பாராட்டு விழா ஏற்பாடு செய்திருந்தது. ஐப்பசி முதல் ஞாயிறு, சால்வை, கேடயம், 'ஊத்தாங்குளத்தின் ஞாபகம்' என்று ஒரு பட்டம். பட்டத்தைப் பரிந்துரைத்தது யார் என்று கேட்காதீர்கள். அழைப்பிதழின் அச்சுப்பிழைகளை நானே திருத்திக் கொடுத்தேன்.

விழாவுக்கு மூன்று வாரம் இருக்கும்போது, ஒரு காலையில் நான் மாசானம் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். கொத்தனார் சேர்மக்கனி உள்ளங்கையைப் பொத்திக்கொண்டு வந்து பெஞ்சியில் உட்கார்ந்தான்.

"என்னடே, முழுசா வாலா?" என்றார் மாசானம்.

"வாலுதான். நூலகத்துக்குப் பின்னால, செவத்துல ஏறப் பாத்துச்சி, அவசரப்பட்டுட்டேன்."

"வால்ல என்ன?"

"ஒரு கொரலு. 'நீங்க போங்க, நாளைக்குப் பேப்பர்ல வந்துரும், நான் சொல்லுதேன்லா.' அம்புட்டுத்தான்."

"யாரு கொரலு?"

சேர்மக்கனி என்னைப் பார்த்தான். அவன் அந்த வரியைச் சொன்ன விதத்தில் 'சொல்லுதேன்லா' என்ற இடத்தில் மூக்கு வழியாக ஒரு இழுப்பு இருந்தது. அந்த இழுப்பு ஊரில் ஒருவருக்குத்தான் உண்டு. பெஞ்சியில் இருந்த ஆறு பேரும் திரும்பினார்கள்.

"பேப்பர் அண்ணாச்சி," என்றார் மாசானம் மிகுந்த மரியாதையோடு, "யாருகிட்டச் சொன்னீய, என்னத்தச் சொன்னீய?"

எனக்கு ஞாபகம் இல்லை. அதுதான் உண்மை, அதை அங்கே யாரும் நம்பவில்லை.

அன்று மத்தியானத்துக்குள் என் வீட்டு வாசலில் வரிசை நின்றது. நாளைக்குப் பேப்பரில் வந்துவிடும் என்று நான் சொன்னது தன்னிடம்தான் என்று ஒவ்வொருவரும் உரிமை கொண்டாடினார்கள். கோலப் போட்டியில் மகள் வாங்கிய இரண்டாம் பரிசு, இரட்டைக் கன்று போட்ட மாடு, காணாமல் போய்த் தானே திரும்பி வந்த மைத்துனன், மூன்று தடவை போட்டோ எடுத்துக்கொண்டு போய் ஒரு தடவையும் வராத வாழைத்தார். "எட்டடித் தாரு அண்ணாச்சி, எட்டடி! நீங்க பக்கத்துல நின்னுல்லா படம் எடுத்தீய, அப்பவே நெனச்சேன், தார விட ஒங்க படந்தான் பெருசா இருக்கும்னு." எல்லாருக்கும் நான் சொல்லியிருக்கிறேன், ஒருவருக்கும் செய்யவில்லை. இருந்தாலும் அந்தக் குரலில் ஒரு அவசரம் இருந்ததாகச் சேர்மக்கனி சொன்னான், ஆளை வாசலைவிட்டு அனுப்புகிற அவசரம். வாழைத்தாருக்கு யாரும் அப்படி அவசரப்படுவதில்லை. இது ஏதோ கெட்ட காரியம் என்று ஊருக்குப் புரிந்தது, எனக்கும் புரிந்தது.

வால் போன அந்த அரணையை யார் பிடித்தாலும் மீதிக் கதை தெரிந்துவிடும். விழாவுக்கு முன் ஊர் பிடித்துவிட்டால் என் பட்டமும் பெயரும் போகும். நான் முதலில் பிடித்தால், பிறகு யோசிக்கலாம். ஊர் முழுக்கச் சாக்கு விரிந்தது. நான் மற்றவர்களைவிட அதிகமாக விரித்தேன். ஐம்பத்தெட்டு வயதில், நாற்பத்திரண்டு அங்குல இடுப்போடு, நூலகத்துக்குப் பின்னால் முழங்காலும் முழங்கையும் ஊன்றி நான் ஊர்ந்ததைப் பள்ளிக்கூடத்து மதில்மேல் ஏறி நின்று மூன்றாம் வகுப்பு முழுவதும் பார்த்தது. கிடைத்த அரணைகளுக்கெல்லாம் அழகான நீண்ட வால்கள். மூன்றாவது வாரம் ஒரு எண்ணம் வந்தது, அதை எழுத வெட்கமாக இருக்கிறது: இவ்வளவு நாளில் அதற்கு வால் முளைத்திருக்குமே. முளைத்த வாலில் நான் நல்லவனாக இருந்துவிட்டால்?

விழாவுக்கு இரண்டு நாள் முன்பு, வெள்ளிக்கிழமை பத்து மணி இருக்கும், இன்னும் நான்கு சாக்கு கேட்டுக் குத்தாலிங்கத்தின் கொட்டகைக்குப் போனேன். அவர் மெஷினில் இருந்தார். மெஷினின் மிதிப்பலகையில், அவருடைய இரண்டு பாதங்களுக்கும் நடுவில், அந்த அரணை உட்கார்ந்திருந்தது. இடுப்புக்குக் கீழே மங்கலான, கட்டையான புது வால். அவர் மிதிக்கும்போது அதுவும் சேர்ந்து ஏறி இறங்கியது.

"பிடிக்கணும்னா பிடியும் வே," என்றார் நிமிராமல். "மூணு வாரமா இங்கனதான் கெடக்கு."

"நீரு பிடிக்கலியா?"

"எனக்கென்னத்துக்கு? எனக்கு எதுவும் மறக்கலியே."

அவர் மிதிப்பதை நிறுத்தினார். நான் குனிந்து கையைக் கவிழ்த்தேன். அது ஓடவில்லை.

உள்ளங்கை குளிர்ந்தது. நான் பேருந்து நிலையத்து டெலிபோன் பூத்தில் இருந்தேன், முப்பத்திரண்டு வயது, வேர்வை, கண்ணாடிக் கதவுக்கு வெளியே அடுத்த ஆள் கதவைத் தட்டிக்கொண்டிருந்தான். பக்கத்து ஊர்க் கோயிலில் உண்டியல் உடைத்தவன் பிடிபட்ட செய்தியைத் தலைமை அலுவலகத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். பெயர் குத்தாலிங்கம், வயது முப்பத்திநாலு, அதுவரைதான் என் குறிப்பில் இருந்தது. "ஊரு? தொழில்?" என்று கேட்டது மறுமுனை. மறுபடி விசாரித்துக் கூப்பிட்டால் அன்றைய பதிப்பு போய்விடும். எனக்குத் தெரிந்த குத்தாலிங்கம் ஒருவர்தான். நான் தலையைக் குனிந்து என் பேண்டைப் பார்த்தேன், அவர் தைத்துக் கொடுத்த பேண்ட், மடிப்புக் கலையாமல் அவ்வளவு நேர்த்தியாக இருந்தது. "ஊத்தாங்குளம். தையல்காரர்," என்றேன்.

பிறகு மறுநாள் சாயங்காலம். என் வீட்டுப் படியில் அவர், கையில் மடித்த பேப்பர், கழுத்தில் அளவெடுக்கும் டேப்பைக் கழற்றக்கூட மறந்து வந்திருந்தார். "வே, நான் கடையில இருக்கேன், உள்ள இருக்கிறதாப் போட்டிருக்கே. அடுத்த மாசம் எனக்குக் கல்யாணம். பொண்ணு வீட்டுல பேப்பர் வாங்குத ஆளுக வே." நான் வாயைத் திறந்தேன், சேர்மக்கனி பிடித்த வரி வர வேண்டிய அந்த இடத்தில்தான் பழைய வால் முறிந்திருந்தது, புது வால் தொடங்கியது.

புது வாலில் நான் செருப்புக்கூடப் போடாமல் பூத்துக்கு ஓடினேன். மறுநாள் முதல் பக்கத்தில், கட்டம் போட்டு, திருத்தம் வந்தது. பெண்ணின் அப்பா அதைப் படித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கல்யாணத்தில் நான் முதல் பந்தியில் உட்கார்ந்தேன், பாயசத்தில் ஏலக்காய் கொஞ்சம் கூடுதல், மாப்பிள்ளை தானே தைத்த சட்டையில் வந்து, "நல்லாச் சாப்பிடும் வே" என்று என் தோளைத் தொட்டார்.

எவ்வளவு நேரம் பிடித்திருந்தேன் என்று தெரியாது. இறக்கிவிட மனம் வரவில்லை. வெளியே பேச்சுச் சத்தம் கேட்டது. நான் கொட்டகைக்குள் போனதைப் பார்த்த மாசானமும் சேர்மக்கனியும் இன்னும் நான்கு பேரும் வேலியோரம் வந்து நின்றிருந்தார்கள். நான் இந்த அரணையை அப்படியே அவர்கள் கையில் கொடுத்தால் போதும். ஒவ்வொருவரும் பிடித்துப் பார்ப்பார்கள், ஒவ்வொருவருக்கும் பாயசம் இனிக்கும், தவறு செய்து மறுநாளே திருத்திய உத்தமனுக்கு ஞாயிற்றுக்கிழமை இரண்டு சால்வை கிடைக்கும். வாலைப் பார்த்துச் சொல்லக்கூடியவர்களை ஊர் தன் வாசலுக்கு வெளியே நிறுத்தியிருந்தது.

"என்ன வே, சிரிக்கீரு?" என்றார் குத்தாலிங்கம்.

என் முகத்தில் சிரிப்பு இருந்தது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

"புது வால்ல கல்யாணம் நடக்குது," என்றேன்.

"யாருக்கு?"

"உமக்கு."

அவர் ஊசியிலிருந்து நூலை உருவினார். மறுபடி கோத்தார்.

"சாப்பாடு எப்படி?"

"பாயசத்துல ஏலக்கா கூட."

"அது எங்க மாமா வீட்டுக் கை. அவுக அப்படித்தான் போடுவாக." நூல் நுனியை நறுக்கிவிட்டு, "நான் தச்சுக் குடுத்த அந்த பேண்டு என்னாச்சி?" என்றார்.

"கிழிஞ்சிட்டு. எட்டு வருசம் போட்டேன்."

"எங்கன கிழிஞ்சிச்சி? தையல்லயா?"

"இல்ல. முட்டியில."

"ஆங்," என்றார். பிறகு மெஷினுக்கு மேலே கையை நீட்டினார், உள்ளங்கை மேலே பார்த்திருந்தது. ஊரெல்லாம் பிடித்த இத்தனை நாளில் அவர் தொட்ட முதல் அரணை அது. நான் வாலில் படாமல் அவர் கையில் வைத்தேன். அவர் விரல்களை மூடினார், கண்ணை மூடவில்லை, எதிரே தகரத்தில் தொங்கிய, சாக்குத் தைக்கும் கோணூசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய கால் தானாக ஒருமுறை மிதித்தது, வெறும் ஊசி ஒருமுறை ஏறி இறங்கியது. பிறகு கையைத் தரையோடு தாழ்த்தித் திறந்தார். அரணை கொஞ்ச தூரம் ஓடியது, திரும்பிப் பார்த்தது, எதற்கு ஓடினோம் என்று மறந்து நின்றது, சாக்குக் குவியலுக்குள் போய்விட்டது.

"நல்லாத்தான் இருந்திருக்கும்," என்றார்.

நான் வெளியே வந்து வேலியோரம் நின்றவர்களிடம் நடந்ததைச் சொன்னேன், இடுப்புவரை. "இருவத்தாறு வருசமா இந்த மனுசன உண்டியல்னு கூப்பிட்டிருக்கோமேடே," என்றார் மாசானம். "நான் டீக்குக் கூப்பிடும்போதெல்லாம் அப்படித்தான் கூப்பிட்டிருக்கேன்." சேர்மக்கனி மட்டும் என் முகத்தைப் பார்த்து, "சேமிப்புப் பழக்கம்," என்றான். கட்டுரையை அவன் படித்திருக்கிறான். என் வாசகர்கள் வேண்டாத இடத்தில்தான் தலைகாட்டுவார்கள்.

நான் திரும்பிக் கொட்டகைக்குள் போய், அவருக்கு எதிரே சாக்கின்மேல் உட்கார்ந்து, தலைமை அலுவலகத்துக்கு போன் போட்டேன். எடுத்தது ஒரு புதுப் பெண், குரலை வைத்துப் பார்த்தால் அந்தச் செய்தி வந்தபோது பிறந்திருக்க மாட்டாள்.

"இருபத்தாறு வருஷத்துக்கு முந்தின செய்திக்கா சார் திருத்தம்?"

"ஆமாம்மா."

"இடம் இருக்கான்னு பாக்கணும். சொல்லுங்க சார்."

சொன்னேன். நாளைக்கு எந்தப் பதிப்பானாலும் வந்தாக வேண்டும், வராவிட்டால் நேரில் வந்து உங்கள் மேஜைமேல் உட்கார்ந்துவிடுவேன் என்றும் சொன்னேன். அவள் தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. நின்றது.

"சார், அவர் தொழில்?"

நான் வாயைத் திறந்தேன். மூடினேன். போனைக் காதிலிருந்து எடுத்தேன்.

"அண்ணாச்சி," என்றேன், அவரை வாழ்நாளில் முதல் தடவையாக அப்படிக் கூப்பிட்டு, "தொழில் என்னன்னு கேக்காங்க. என்னன்னு போடச் சொல்லட்டும்?"

அவர் மடியில் இருந்த கிழிந்த சாக்கைப் பார்த்தார். அதை மடித்து ஓரமாக வைத்தார்.

"தையல்காரருன்னு போடச் சொல்லும்."

சனிக்கிழமை காலை, பதினோராம் பக்கத்தின் அடியில், நான்கு வரி வந்தது. ஊத்தாங்குளத்தைச் சேர்ந்த தையல்காரர் குத்தாலிங்கத்துக்கும் கோயில் உண்டியல் உடைப்புக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, தவறான செய்தி வெளியானதற்கு வருந்துகிறோம். எல்லாம் சரியாக இருந்தது, ஒன்றைத் தவிர. பழைய செய்தியைத் தேடி எடுத்து வயதை அதிலிருந்து போட்டிருந்தார்கள்: 'குத்தாலிங்கம் (34)'.

டீக்கடையில் அந்தப் பக்கத்தை மட்டும் கிழித்துக் கண்ணாடி அலமாரியில் ஒட்டினார் மாசானம். அன்று பத்து மணிக்குள் உண்டியல் என்ற பெயர் ஊரிலிருந்து போய், முப்பத்திநாலு என்ற பெயர் வந்தது. "முப்பத்திநாலுக்கு ஒரு டீ." "முப்பத்திநாலு கடையில ரவிக்கை தைக்கக் குடுக்கலாமான்னு அத்தை கேக்கா." பேப்பரில் வந்தால் வந்ததுதான். ஆவுடைத்தங்கம் ஒரு படி மேலே போய், தன் சித்தி மகள் ஒருத்தி நாற்பத்தைந்து வயதில் ஒண்டியாக இருப்பதாகவும், ஆனால் மாப்பிள்ளை வயதில் சின்னவராக இருப்பதுதான் யோசனையாக இருக்கிறது என்றும் சொன்னாள். என் பாராட்டு விழா தவிர்க்க முடியாத காரணங்களால் ஒத்திவைக்கப்பட்டது. எனக்குத் தெரிந்து இன்றுவரை ஒத்திவைக்கப்பட்டே இருக்கிறது.

அன்று சாயங்காலம் அவர் என் வீட்டுப் படியில் வந்து நின்றார். கையில் மடித்த பேப்பர், கழுத்தில் டேப்.

"வே, வயசப் பாத்தீரா?"

"பாத்தேன் அண்ணாச்சி. இப்பவே போன் போட்டு, நாளைக்கே—"

நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் சிரித்தார். நான் பார்த்து அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. கடவாயில் ஒரு பல் இல்லை.

"நாளைக்குன்னு மட்டும் சொல்லிராதீரும்," என்றார். "இது கெடக்கட்டும் வே. இதத் திருத்தாண்டாம்."

பேப்பரைப் படியில் வைத்தார். கழுத்திலிருந்த டேப்பை உருவி, என்னை வெளிச்சத்தில் நிற்கச் சொல்லி, கையைத் தூக்கச் சொல்லி, இடுப்பைச் சுற்றிப் போட்டு இழுத்தார். எண்ணைப் பார்த்ததும் அவர் முகத்தில், திருடன் என்று அச்சில் வந்தபோதுகூட வந்திருக்காது, அப்படி ஒரு வருத்தம் வந்தது.

"முப்பது இருந்துச்சி வே," என்றார்.

பிறகு உயரம், தொடை, முட்டி எல்லாம் அளந்தார். ஒன்றையும் எழுதிக்கொள்ளவில்லை.